'பிள்ளையை அப்புறம் பார்த்துக்கலாம்': பிரிட்டன் வரும் டாக்டர் அம்மாக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனுக்கு வர நினைக்கும் டாக்டர் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, வெளிநாட்டு டாக்டர்கள் அங்கே வேலை செய்ய எழுதும் பிளாப் தேர்வைப் பற்றித்தான். எந்த கோச்சிங், எத்தனை மாசம் படிக்கணும், சென்னையிலேயே எழுதலாமா? பிள்ளை இருக்கா என்று நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது. "இருக்கான்க்கா, மூணு வயசு. அதை அப்புறம் பார்த்துக்கலாம்." இந்த 'அப்புறம்'தான் நானும் செய்த தவறு. மற்றவை எல்லாம் இது போட்ட குட்டிகள்.

பலருக்கும் தெரியாதது விசா விஷயம். டாக்டர்களுக்குக் கிடைக்கும் ஹெல்த் அண்ட் கேர் விசாவில் கணவரையும் பிள்ளைகளையும் அழைத்து வரலாம். 2024 மார்ச்சில் வந்த தடை, முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் கேர் வொர்க்கர்களுக்குத்தான். நான் போட்ட திட்டம் வேறு: முதலில் நான் போவது, மூன்று மாதத்தில் பையனை வரவழைப்பது, கணவர் மதுரையில் வேலையைத் தொடர்வது. ஆனால் பிள்ளைக்கு டிபென்டன்ட் விசா (குடும்பத்தினருக்கான விசா) வேண்டுமென்றால் பொதுவாக அப்பா அம்மா இருவருமே அங்கே இருக்க வேண்டும், அல்லது சேர்ந்து வர வேண்டும். தனியாக ஒருவர் கேட்டால், பிள்ளையின் முழுப் பொறுப்பும் தன்னுடையது மட்டுமே என்று நிரூபிக்கச் சொல்வார்கள். அப்பா மடியில் தூங்கும் பிள்ளைக்கு அதை எப்படி நிரூபிப்பது? அவர் ராஜினாமா கொடுத்து, நோட்டீஸ் காலம் முடித்து, இருவரும் வந்து சேர 11 மாதம் ஆயிற்று. அதற்குள் என் பையன் வீடியோ காலில் முகத்தைக் காட்டுவதையே விட்டுவிட்டான். ஃபோனை மேலே திருப்பி, "ஃபேன் பாரு" என்பான். நானும் பத்து நிமிஷம் ஃபேனைப் பார்ப்பேன். கணவரின் வேலையை என்ன செய்வது என்பதை ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது, 'அம்மாவைக் கூட்டிட்டு வந்துடலாம்.' 2012இல் விதிகளை இறுக்கியபிறகு பெற்றோரை நிரந்தரமாக அழைத்து வருவது குதிரைக்கொம்பு. விசிட்டர் விசாவில் வந்தால் ஒரு தடவைக்கு 6 மாதம்தான். என் அம்மா நவம்பரில் வந்தார். சாயந்திரம் நாலரைக்கே இருட்டிவிட, "மணி எட்டாச்சா? சோறு வைக்கவா?" என்று தினமும் கேட்பார். அவர் ஊர் திரும்பியபோது பையனுக்கு நர்சரியே மறந்துபோயிருந்தது. முதல் நாளிலிருந்து மறுபடி அழுகை. பாட்டி இருக்கும்போதும் வாரத்தில் இரண்டு நாளாவது நர்சரியை விடாதீர்கள்.

நர்சரி செலவில் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இங்கிலாந்தில் வாரம் 30 மணி நேரம் இலவசம் என்று ஊரே சொல்லும். கணவன் மனைவி இருவர் விசாவிலும் அரசு உதவிப் பணம் பெற உரிமை இல்லை என்று எழுதியிருந்தால் அது கிடைக்காது. பிள்ளைகளுக்கு அரசு தரும் உதவித்தொகையான சைல்ட் பெனிஃபிட்டும் அப்படியே. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ள 15 மணி நேரம் மட்டும் உண்டு, அதுவும் மூன்று வயது நிறைந்ததற்கு அடுத்த டெர்மிலிருந்துதான். மிச்சமெல்லாம் கைக்காசு. முழுநேர நர்சரிக்கு மாதம் ஆயிரம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். வேலையை ஏற்கும் முன்பே ரோட்டாவை (ஷிஃப்ட் அட்டவணையை) கேட்டு வாங்குங்கள். நர்சரி ஆறு மணிக்குக் கதவைச் சாத்தும், 'லாங் டே' எனும் நீண்ட ஷிஃப்ட் முடிய இரவு ஒன்பதாகும். வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள வழியுண்டு, ஆனால் சம்பளமும் குறையும். விசாவுக்கான குறைந்தபட்சச் சம்பளத்துக்குக் கீழே போய்விடாமல் பார்க்க வேண்டும்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிகிரியில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் என்று மூன்று பெண்களாக, டாக்டர்களைப் பதிவு செய்யும் ஜிஎம்சி முன் போய் நிற்காதீர்கள். தேர்வுக்குப் பதியும் முன்பே பெயரை ஒன்றாக்குங்கள். பிளாப்பில் இரண்டு தேர்வுகள்: முதலாவதில் தேறியபின் 2 ஆண்டுக்குள் இரண்டாவதில் தேற வேண்டும், அது மான்செஸ்டரில்தான். நடுவில் பிரசவம் வந்தால் அந்த 2 ஆண்டு எப்படி ஓடியது என்றே தெரியாது. நம் மேல் புகார் இல்லை என்று மருத்துவக் கவுன்சில் தரும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழுக்கு ஆயுள் 3 மாதம், அதைக் கடைசியில் வாங்குங்கள். இரண்டாவது குழந்தை எண்ணம் இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: பிரிட்டன் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸின் சொந்த மெட்டர்னிட்டி சம்பளம் (8 வாரம் முழுதாக, அதன்பின் 18 வாரம் பாதி) கிடைக்க, பிரசவ வாரத்துக்கு 11 வாரம் முன்பே 12 மாத சர்வீஸ் ஆகியிருக்க வேண்டும்.

கடைசியாக, நர்சரி ஃபாரம். பெற்றோரைத் தவிர வேறு யார் பிள்ளையைக் கூட்டிப்போகலாம் என்று ஒரு கட்டம் இருக்கும், பக்கத்திலேயே ஒரு பாஸ்வேர்டும் கேட்பார்கள். நான் அதைக் காலியாக விட்டேன். இரண்டாவது வாரமே பையனுக்குக் காய்ச்சல், நர்சரியிலிருந்து ஃபோன். நான் வார்டு ரவுண்டில், கணவர் இன்டர்வியூவுக்காக வேறு ஊரில். அன்று மாலையே கீழ்வீட்டு மலையாள நர்ஸ் அக்காவின் கதவைத் தட்டினேன். அதற்கு முன் அவரிடம் பேசியது ஒரே ஒரு தடவை, குப்பைத் தொட்டி எந்தக் கிழமை வெளியே வைக்கணும் என்று கேட்டபோது. அவர் பெயரை எழுதி, பாஸ்வேர்டு 'இட்லி' என்று போட்டேன். அடுத்த காய்ச்சலுக்கு அவர்தான் நர்சரி வாசலில் நின்று அதைச் சொல்லி என் பையனைக் கூட்டி வந்தார்.