தோட்டம் வாங்கியவர்கள் முதல் வருடம் செய்யக்கூடாதவை

பத்திரம் பதிந்த கையோடு ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள். மற்ற தவறுகளைப் பின்னால் எப்படியாவது சரிசெய்துகொள்ளலாம், இதை முடியாது. காங்கேயம், தாராபுரம் பக்கம் முள்ளும் புல்லுமாக இருக்கிற கொறங்காட்டைப் பார்த்து, சும்மா கிடக்கிற தரிசு என்று நினைத்து, வெள்வேல மரங்களை வேரோடு பிடுங்கி, கிளுவை வேலியை அழித்து, கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டுவிடுகிறார்கள். அது தரிசே இல்லை. மாடும் செம்மறியும் மேய்வதற்கென்றே தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த மேய்ச்சல் காடு. மழை விழுந்தால் கொழுக்கட்டைப் புல் தானாகத் துளிர்க்கும், கோடையில் வெள்வேலங்காய் ஆட்டுக்குத் தீனி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்றைக் கிளுவை வேலி தடுத்து நிற்கும். மட்டம் செய்கிறேன் என்று மேல்மண்ணை வழித்துவிட்டால் பல இடங்களில் அடியில் இருப்பது சுக்காங்கல் என்கிற சுண்ணாம்புக் கல்தான், அதில் என்ன விளையும்?

அடுத்தது தண்ணீர். கிணற்றைக் கார்த்திகையில் எட்டிப் பார்த்துவிட்டு விலை பேசாதீர்கள், சித்திரையில் பாருங்கள். பக்கத்துத் தோட்டத்து போர்வெல்லில் தண்ணீர் கொட்டுகிறது என்றால் உங்களுக்கும் வரும் என்று அர்த்தமில்லை, இங்கே தண்ணீர் ஓடுவது பாறை வெடிப்புகளில். 25 அடி இடைவெளியில் தென்னை வைத்தால் ஏக்கருக்கு 70 மரம் வரும், அந்த 70 மரத்துக்கும் கோடையில் தண்ணீர் காட்ட முடியுமா என்று கணக்குப் போட்ட பிறகு குழி எடுங்கள்.

வாய்க்கால் பாசனம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கீழ்பவானி வாய்க்காலின் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறுகிற நிலம், 2,07,000 ஏக்கர். ஒரு பாதிக்கு ஆகஸ்ட் நடுவிலிருந்து நெல்லுக்கும், மறுபாதிக்கு ஜனவரிக்கு மேல் கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிருக்கும் தண்ணீர் விடுவார்கள், அடுத்த வருடம் முறை மாறும். பச்சைப் பசேலென்ற நெல்வயலைப் பார்த்து மயங்கி வாங்கினால் மறு வருடம் நெல் நட முடியாது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனமும் 4 மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான்.

பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லோரும் பார்க்கிறார்கள், சரி. ஆனால் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்த நிலத்தில் கிணறு பெரும்பாலும் பொதுவாக இருக்கும். உங்களுக்கு எத்தனை பங்கு, எந்த நாள் முறை, இபி சர்வீஸ் யார் பெயரில், வண்டித்தடம் பத்திரத்தில் எழுதியிருக்கிறதா அல்லது வாய்ப்பேச்சா என்று கேளுங்கள். நிலத்தின் அளவு காட்டும் புலப்படத்தை வைத்து சர்வேயரைக் கொண்டு அளந்து கல் நடும்போது பக்கத்துக் காட்டுக்காரரையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். வம்பு வருவதே பொழியில், அதாவது எல்லை வரப்பில்தான்.

மண் பரிசோதனைக்கு மரத்தடியிலும் குப்பைமேட்டிலும் மண் எடுக்க வேண்டாம், வயலில் பல இடங்களில் அரை அடி ஆழம் வரை எடுத்துக் கலந்து அனுப்புங்கள்.

சொட்டுநீர்க் குழாய் பதிப்பதையும் ஒரு ஐப்பசி மழை தாண்டும்வரை தள்ளிப் போடுங்கள். அதுவரைக்கும் சோளத்தட்டோ கொள்ளோ விதைத்துவிட்டு, மழை நின்ற மறுநாள் காட்டைச் சுற்றி நடந்தால் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, எந்த வரப்பை அறுத்துக்கொண்டு போகிறது என்று தெரிந்துவிடும், அப்புறம் குழாய் எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது.