இறந்தவரின் வங்கிப் பணம்: நீதிமன்றம் போகாமல் பெறும் வழி

இறந்தவர் கணக்கில் சில லட்சங்கள்தான் இருக்கும். ஆனால் கிளையில் "கோர்ட் சர்டிபிகேட் கொண்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது தேவையில்லை. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பர் 26 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் இதைத் தெளிவாக்கியிருக்கின்றன. வங்கிகள் அவற்றைச் செயல்படுத்த 2026 மார்ச் 31 வரை கெடு தரப்பட்டது.

முதலில் ஏடிஎம் அட்டையை எடுத்து வையுங்கள். இறப்புக்குப் பிறகு அதில் பணம் எடுத்தால், மற்ற வாரிசுகள் கேள்வி எழுப்பும்போது பதில் சொல்ல முடியாது. இறந்த பிறகு வரவான ஓய்வூதியமும் உங்களுடையதல்ல, திரும்பப் போய்விடும்.

நாமினி இருந்தாலோ, 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற கூட்டுக் கணக்காக இருந்தாலோ வேலை எளிது. உரிமைகோரல் படிவம், இறப்புச் சான்றிதழ், அடையாளச் சான்று ஆகிய மூன்றும் போதும். தொகை எவ்வளவானாலும் நீதிமன்றச் சான்றோ ஈட்டுறுதிப் பத்திரமோ (பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் வங்கியின் இழப்பை ஈடுகட்டுவதாகத் தரும் உறுதி) கேட்கக் கூடாது. ஆனால் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. உரிமை வாரிசுகளுக்கே உண்டு, பிரித்துக் கொடுக்கும் கடமை அவருடையது.

நாமினி இல்லையா? வணிக வங்கியில் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை எளிய நடைமுறை உண்டு. மேற்சொன்ன மூன்றோடு இவையும் வேண்டும்: வாரிசுகள் தரும் ஈட்டுறுதிப் பத்திரம், பணம் கோராத வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். வாரிசுச் சான்றிதழுக்குப் பதிலாக, குடும்பத்தை நன்கறிந்த, வங்கி ஏற்கும் வெளியாள் ஒருவரின் உறுதிமொழியும் செல்லும். வாரிசுகளுக்குள் தகராறு இருந்தால் இந்த வழி அடைபடும். வரம்பைத் தாண்டினால் கூடுதல் ஆவணங்களோ நீதிமன்றச் சான்றோ கேட்கப்படும்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு முக்கியக் காரணம் வாரிசுப் பட்டியலில் விடுபடும் பெயர்கள். உயில் எழுதாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்களோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. தாயைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மணமான மகளை விட்டுவிடுவதும் தவறு. மற்ற மதத்தினருக்கு வாரிசு விதி வேறு. மைனர் பிள்ளை இருந்தால் ஆட்சேபணையின்மைக் கடிதத்தில் யாரையும் அவர் சார்பில் கையெழுத்திட வைக்காதீர்கள். காப்பாளர் மூலம் அவரையும் உரிமைகோருபவராகச் சேருங்கள்.

அடுத்தது பெயர் வேறுபாடு. இறப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் இன்னொன்று என்றால் பிரமாணப் பத்திரம் கேட்பார்கள். 21 நாட்களுக்குள் இறப்பைப் பதியும்போதே ஆதாரிலும் பாஸ்புக்கிலும் உள்ளபடி பெயரைச் சொல்லுங்கள். சான்றிதழில் பல பிரதிகள் வாங்கி வைப்பதும் நல்லது.

பிக்சட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன் முடித்தாலும் அபராத வட்டி பிடிக்கக் கூடாது. ரசீதில் பிடித்தம் தெரிந்தால் எழுத்தில் கேளுங்கள்.

அஞ்சலகச் சேமிப்பில் நாமினி இல்லை என்றால் இறந்து ஆறு மாதம் கழித்து, 5 லட்சம் வரை நீதிமன்றச் சான்று இல்லாமலே பெறலாம்.

ஆவணங்களைக் கொடுக்கும்போது தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள். எல்லா ஆவணங்களும் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வங்கி தீர்க்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் பேங்க் ரேட்டோடு (ரிசர்வ் வங்கி அறிவிக்கும் அடிப்படை வட்டி விகிதம்) 4 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் 15 நாள் எப்போது தொடங்கியது என்று நிரூபிக்கவே வழியில்லை. கூடுதல் ஆவணம் கேட்டால், "எந்த விதிப்படி என்று எழுதிக் கொடுங்கள்" எனக் கேளுங்கள். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் தீராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையவழியில் கட்டணமின்றி முறையிடலாம்.

பத்தாண்டுகளாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்கு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், ரிசர்வ் வங்கியின் உத்கம் (UDGAM) இணையதளத்தில் இறந்தவர் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். அந்தப் பணத்தையும் அதே வங்கியில்தான் கோர வேண்டும்.