பந்தய ஓட்டுநர் அரசியலுக்கு வந்தால்: அவரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்ப் பந்தயம் பற்றித் தமிழில் எழுத ஆரம்பித்து இருபது வருடம் தாண்டிவிட்டது. இப்போதெல்லாம் எழுதுவதைவிட, புதிதாக எழுதுகிற பிள்ளைகள் அனுப்பும் கட்டுரைகளைப் படித்துத் திருத்துவதில்தான் என் நேரம் அதிகம் போகிறது. 2024இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆஸ்டின் தெரியோ என்ற முன்னாள் பந்தய ஓட்டுநர் நாடாளுமன்றத்துக்கு நின்றார். அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் எனக்கு மூன்று கட்டுரைகள் வந்தன. மூன்றிலும் இரண்டாவது பத்தியிலேயே, ஃபார்முலா ஒன் ஓட்டுநராக இருந்து அரசியலுக்குப் போன அர்ஜென்டினாவின் கார்லோஸ் ராய்ட்டமான் வந்துவிட்டார். அவரைப் பற்றி நான் பல வருடங்களுக்கு முன் செய்த தவறுகள் அப்படியே வரிசையாக மூன்றிலும் இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெயர் எழுத்து, தேதி, எத்தனை பந்தயம், எத்தனை வெற்றி என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை யாரும் சரிபார்த்துக்கொள்ளக் கூடியவை. சரிபார்த்த பிறகும் தப்பாகிப் போகிற விஷயங்கள்தான் எனக்கு முக்கியம்.

‘ஆளுநர்’ என்று எழுதுவது

ராய்ட்டமான் 1991 முதல் 1995 வரையும், 1999 முதல் 2003 வரையும் சாந்தா ஃபே மாகாணத்தின் தலைமைப் பதவியில் இருந்தார். அகராதியைப் பார்த்து அதை ‘ஆளுநர்’ என்று எழுதிவிடுகிறோம். தமிழ்நாட்டு வாசகருக்கு ஆளுநர் என்றால் டெல்லி நியமித்து அனுப்புகிறவர், மாளிகையில் இருப்பவர், கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர். அர்ஜென்டினாவில் அந்தப் பதவி மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பது. அணை, சாலை, ஆஸ்பத்திரி, போலீஸ், பட்ஜெட் எல்லாம் அவர் தலைமேல். நம் ஊர்க் கணக்கில் அவர் முதலமைச்சர்.

இந்த ஒரு சொல்லைத் தப்பாகப் போட்டால் கட்டுரை முழுக்கக் கோணலாகிவிடும். ஊரில் வெள்ளம் வந்தபோது அவர் பதவியில் இருந்தார் என்று படிக்கிறவர், ‘பாவம், ஆளுநர் என்ன செய்வார்’ என்று தாண்டிப் போய்விடுவார். நான் ‘மாகாண முதல்வர்’ என்றே எழுதுகிறேன். முதல் தடவை வரும்போது ஒரு வரி விளக்கமும் சேர்த்துவிடுவேன்.

அதேபோல் செனட்டர் என்றதும் நம் மாநிலங்களவையை நினைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே 2001 முதல் செனட்டர்களையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாகாணத்துக்கு 3 பேர், ஆளுக்கு 6 ஆண்டு.

1995இல் அவரை ஒதுக்கிவிட்டார்கள் என்பது

இல்லை. சாந்தா ஃபேயில் அடுத்தடுத்து இரண்டு முறை முதல்வராக இருக்கச் சட்டம் இடம் தரவில்லை. அவ்வளவுதான்.

புகழ் ஓட்டாகிவிடும் என்று நம்புவது

ரிச்சர்ட் பெட்டி அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயங்களில் 200 வெற்றி கண்டவர். வடக்கு கரோலினாவில் அவரைத் தெரியாத வீடே கிடையாது. 1996இல் அதே மாநிலத்தின் செயலர் பதவிக்கு நின்று தோற்றார். 1972, 1974 ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் எமர்சன் ஃபிட்டிபால்டி, வெளிநாடு வாழ் இத்தாலியர்களுக்கான தென் அமெரிக்கத் தொகுதியில் இத்தாலிய செனட்டுக்கு 2022இல் நின்றார். அவரும் தோற்றார். இன்னொரு பக்கம், 1981 உலக ரேலி சாம்பியன் ஆரி வாட்டனென் 1999இல் பின்லாந்திலிருந்தும் 2004இல் பிரான்ஸிலிருந்தும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். இரண்டு நாடு, இரண்டு கட்சி, ஒரே ஆள்.

இதிலிருந்து என்ன விதி கிடைக்கும்? எனக்குத் தெரிந்து ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு ஊரிலும் ஓட்டு எண்ணும் முறையை முதலில் பாருங்கள். சாந்தா ஃபேயில் 1991இல் ஒரு விசித்திரமான முறை இருந்தது. ஒரே கட்சியில் பல பேர் முதல்வர் பதவிக்கு நிற்கலாம். எல்லார் ஓட்டையும் கட்சிக் கணக்கில் கூட்டி, அதிகம் பெற்ற கட்சிக்குள் யார் முதலோ அவருக்கே பதவி. 2003இல் தனி ஆளாக அதிக ஓட்டு வாங்கியவர் எர்மெஸ் பின்னெர், ஆனால் பதவிக்கு வந்தவர் ஹோர்ஹே ஓபெய்த். ராய்ட்டமான் அரசியலுக்கு வந்தது இந்த முறை நடப்பில் இருந்தபோதுதான். ‘ரசிகர் பட்டாளம் அரியணையில் ஏற்றியது’ என்று எழுதும் முன் இதைப் படித்துவிடுங்கள். மெய்னிலும் அப்படித்தான். அங்கே விருப்ப வரிசைப்படி 1, 2, 3 என்று குறிக்கும் முறை. தெரியோ மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றதைச் சொன்ன மூன்று கட்டுரைகளில் ஒன்றுகூட அதைச் சொல்லவில்லை.

பந்தயத்தை வைத்து அரசியலை விளக்குவது

இதுதான் நான் செய்த பெரிய தவறு. இன்றைக்கும் நினைத்தால் மனசு கொதிக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ராய்ட்டமான் கதை எழுதுகிறவனை மயக்கிவிடும். 1972இல் ப்யூனஸ் அயர்ஸில் தன் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்திலேயே போல் பொசிஷன், அதாவது எல்லாருக்கும் முன்னால் நின்று கிளம்பும் இடம், எடுத்தவர். 146 பந்தயம், 12 வெற்றி, ஒரு சாம்பியன் பட்டம்கூடக் கிடையாது. 1981 அக்டோபர் 17, லாஸ் வேகாஸ், ஒரு சூதாட்ட ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில் சுவர் வைத்துப் போட்ட தடம். அந்த ஆண்டின் கடைசிப் பந்தயம். அன்று காலை அவருக்கு 49 புள்ளி, பட்டத்துக்குப் போட்டியிட்ட நெல்சன் பிக்கேவுக்கு 48. முன்வரிசையில் முதலிடத்திலிருந்து கிளம்பிய ராய்ட்டமான் மளமளவென்று பின்னால் போய் எட்டாவதாக முடித்தார். பிக்கே ஐந்தாவதாக வந்து 2 புள்ளி வாங்கினார். பிக்கே 50, ராய்ட்டமான் 49. பட்டம் பிக்கேவுக்குப் போனது. அதே ஆண்டு பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவில் ராய்ட்டமான் ஜெயித்திருந்தார், பிக்கே இரண்டாவது. நிர்வாக அமைப்புகளின் சண்டையில் அந்தப் பந்தயம் கணக்கில் சேரவில்லை. சேர்ந்திருந்தால் ராய்ட்டமான் 58, பிக்கே 56.

அப்புறம் 2002. பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த நாட்டில் இடைக்கால அதிபர் துவால்தே, பெரோனியக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நிற்கும்படி ராய்ட்டமானைக் கேட்கிறார். ராய்ட்டமான் மறுக்கிறார். தனக்குப் பிடிக்காத ஒன்றைப் பார்த்ததாகவும், அதை ஒருவேளை ஒருபோதும் சொல்லப்போவதில்லை என்றும் மட்டும் சொல்கிறார். கடைசிவரை சொல்லவும் இல்லை. துவால்தே வேறு ஆள் தேடி, முடிவில் நெஸ்டர் கிர்ச்னரிடம் போய் நின்றார். கிர்ச்னர் அதிபரானார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கை தானாக எழுதத் தொடங்கிவிடும். நானும் எழுதினேன். ‘லாஸ் வேகாஸில் மிதித்த பிரேக்கில் இருந்து அவர் காலை எடுக்கவே இல்லை’ என்று முடித்தேன். பாராட்டு குவிந்தது. பந்தய ஓட்டுநர்களைப் பற்றிய என் கட்டுரைகளைச் சேர்த்து, 2012இல் என் கைக்காசு போட்டு 500 பிரதி ஒரு சிறு நூலாகக் கொண்டுவந்தேன். இந்தக் கட்டுரைக்குத்தான் முதலிடம் கொடுத்தேன்.

முந்நூறு பிரதி போன பிறகு ஒருநாள், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் டீக்கடையில் என்னைப் பிடித்தார். ஆற்றுக் கரை, மதகு என்று வாழ்க்கையைக் கழித்தவர். உலகத்தில் எங்கே கரை உடைந்தாலும் தேடிப் படிக்கிறவர்.

“தம்பி, இந்த சாந்தா ஃபே, 2003 வெள்ளம் வந்த சாந்தா ஃபேதானே?”

ஆமாம் என்றேன்.

“அப்போ முதல்வர் யாரு?”

பில் துண்டைத் திருப்பிப் போட்டு வரைந்து காட்டினார். ஒரு கோடு சலாதோ ஆறு. அதை ஒட்டி இன்னொரு கோடு, ஊரைக் காக்கும் மேற்குக் கரை. அந்தக் கோட்டின் வடக்கு முனையில் கொஞ்சம் இடைவெளி விட்டார். கரையின் முதல் இரண்டு பகுதி முடிந்திருந்தது, மூன்றாவது கட்டப்படவில்லை. குதிரைப் பந்தய மைதானத்தின் பக்கம் கரை அந்தரத்தில் நின்றது. மேலே நாள்கணக்கில் பெய்த மழை ஆற்றில் இறங்கியபோது, தண்ணீர் அந்த வழியாக நகரத்துக்குள் புகுந்தது. புகுந்த தண்ணீர் வெளியேற முடியாதபடி அதே கரை தடுத்து நின்றது. கடைசியில் கரையை வெடி வைத்துத் திறந்துதான் தண்ணீரை ஆற்றுக்கு அனுப்பினார்கள். “வாயைத் திறந்து வெச்சுட்டுக் கரை கட்டினா அது கரை இல்ல தம்பி, தொட்டி” என்றார்.

2003 ஏப்ரல் 29. அதிபர் தேர்தலின் முதல் சுற்று முடிந்து இரண்டே நாள். நகரத்தின் மூன்றில் ஒரு பங்கு மூழ்கியது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரியையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. அரசுக் கணக்கில் 23 பேர் சாவு. பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள், பின்னால் நோயிலும் அதிர்ச்சியிலும் போனவர்களையும் சேர்த்து நூற்றுக்கு மேல் சொல்கின்றன. தன்னை யாரும் எச்சரிக்கவில்லை என்றார் முதல்வர் ராய்ட்டமான். பாதிக்கப்பட்ட மக்கள் அரசு மாளிகைக்கு எதிரே இருக்கும் சதுக்கத்தில் கறுப்புக் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அன்றைய அரசின் அதிகாரிகள் இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2019 ஆயிற்று. ராய்ட்டமான் குற்றவாளிக் கூண்டில் ஏறவே இல்லை.

இவ்வளவு நடந்திருக்கிறது. என் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. நான் ஒன்றும் மறைக்கவில்லை. பிரேக், ஸ்டியரிங், கடைசிச் சுற்று என்று உவமை தேடிக்கொண்டிருந்தவனுக்கு வெள்ளம் கண்ணில் படவே இல்லை. எந்தப் பந்தய உவமையிலும் அது அடங்காது. அவருடைய மௌனத்தை ஒரு கவர்ச்சியாக நான் எழுதியிருந்தேன். வீட்டுக் கூரைமேல் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தவருக்கு அந்த மௌனம் என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

கையில் மிச்சம் இருந்த பிரதிகளுக்கு ஒரு தாள் அச்சடித்தேன். மூன்று இரவு உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் 62ஆம் பக்கத்துக்கு அடுத்து பசை தடவி ஒட்டினேன். போன முந்நூறைத் திரும்பப் பெற முடியவில்லை. இப்போது வரும் கட்டுரைகளில் அந்தப் பிரேக் வாக்கியம் அப்படியே இருக்கிறது, எடுத்தவர்களுக்கு எங்கிருந்து எடுத்தோம் என்பதுகூடத் தெரியவில்லை. எரிச்சல் அந்தப் பிள்ளைகள்மேல் இல்லை, அந்த வாக்கியத்தின்மேல்தான்.

ஒரு எச்சரிக்கை. வெள்ளத்தைக் கண்டுபிடித்த வேகத்தில் மறு எல்லைக்கும் போய்விடாதீர்கள். சென்ற மாதம் ஒருவர், ‘மக்கள் அவருக்குப் பாடம் புகட்டினார்கள்’ என்று எழுதியிருந்தார். வெள்ளம் வந்த அதே 2003இல் அந்த மாகாண மக்கள் அவரை செனட்டராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2009இலும் 2015இலும் மறுபடியும். கரையின் முதல் இரண்டு பகுதி ஓபெய்த் அதற்கு முன் ஒருமுறை முதல்வராக இருந்தபோது, 1997இல் திறக்கப்பட்டது, அதாவது மூன்றாவது பகுதி ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்சிகளின் மேஜையில் கிடந்தது. இதையும் எழுத வேண்டும். கோபத்தோடு எழுதலாம், ஆனால் கணக்கு நேராக இருக்கட்டும்.

பேசாதவர் என்பதால் செனட்டில் ஒன்றும் செய்யவில்லை என்பது

குறைவாகப் பேசினார், உண்மை. ஆனால் 2008இல் சோயா ஏற்றுமதி வரியை எதிர்த்து விவசாயிகள் சாலையை மறித்தபோது, தன் கட்சி அரசுக்கு எதிராக ஓட்டுப்போட்டார். செனட்டில் 36க்கு 36. சமநிலையை உடைக்க வேண்டிய துணை அதிபரே அரசுக்கு எதிராக ஓட்டுப்போட்டு மசோதா விழுந்தது. ஒரு ஓட்டின் விலை தெரிய வேண்டுமானால் அந்த இரவைப் படியுங்கள்.

‘ஒரு அணிக்கு அடங்காதவர்’

1981இல் பிரேசில் பந்தயத்தில், அதே அணியின் சக ஓட்டுநர் ஆலன் ஜோன்ஸை முன்னால் விடச் சொல்லி அணி காட்டிய பலகையை மீறி ஜெயித்தார். கட்சி அரசியலுக்கு இது சான்று ஆகாது.

இறந்தவுடன் எழுதுவது

2021 ஜூலை 7, அவர் 79 வயதில் இறந்த அன்று மாலையே பாதிப் பேர் எழுதி முடித்துவிட்டார்கள். எல்லாவற்றிலும் லாஸ் வேகாஸ் இருந்தது. அன்று நான் எழுதவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரல் 29க்கு எழுதினேன், கரையிலிருந்து தொடங்கி.

என்னுடைய அந்த 2012 நூல் உங்களிடம் இருந்தால், 62ஆம் பக்கத்துக்கு அடுத்து ஒட்டிய தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முகவரி எழுதுங்கள். தாள் இன்னும் மிச்சம் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.