குவாலா குபு பாருவில் சனி, ஞாயிறு: நண்பர்களோடு மலைச் சைக்கிள் ஓட்டப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலிருந்து வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டர் போனால் குவாலா குபு பாரு. பின்னால் தித்திவங்சா மலைத்தொடர், சுற்றிலும் செம்பனை, அங்கங்கே மிச்சமிருக்கும் கித்தா (ரப்பர்) மரங்கள். ஃபிரேசர் மலைக்கு ஏறும் 55-ஆம் எண் சாலை இங்கிருந்துதான் போகிறது. ரோடு சைக்கிள்காரர்களுக்கு அந்தத் தார்ச்சாலை போதும். மலைச் சைக்கிள் வைத்திருப்பவர்களின் கண்ணெல்லாம் தோட்டத்து மண் சாலை, டுரியான் தோப்புக்குள் நுழையும் ஒற்றையடிப் பாதை, ஆற்றோரத் தடம் இவற்றின் மேல்தான். நண்பர்களோடு இரண்டு நாள் ஓட்ட அருமையான இடம். ஆனால் வருகிற குழுக்களைப் பார்த்தால் ஒரே தவறு வேறு வேறு உருவத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. குழுவிலேயே மெதுவாக வருகிற ஆளை மறந்துவிட்டுத் திட்டம் போடுகிறார்கள். மற்ற தவறுகளில் பாதி இதன் வயிற்றில் பிறந்தவை.

எந்தக் குழுவிலும் வாரா வாரம் கோலாலம்பூரின் புக்கிட் கியாரா மலைச் சைக்கிள் பாதைகளில் ஓட்டுகிற ஒருவர் இருப்பார். போன மாதம்தான் சைக்கிள் வாங்கிய ஒருவரும் இருப்பார். பாதையைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் முதலாமவர். அவர் ஏற்றத்தின் உச்சியில் பத்து நிமிடம் உட்கார்ந்து இளைப்பாறுகிறார். கடைசி ஆள் நாக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்ததும், "சரி, போவோமா?" என்று எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். ஓய்வே தேவைப்படாதவருக்குப் பத்து நிமிடம், தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடமும் இல்லை. அடுத்த இறக்கத்தில் விழுவது யார் என்று சொல்லவும் வேண்டுமா? களைத்த கை பிரேக்கைச் சரியாகப் பிடிக்காது, களைத்த கால் பெடலில் நிமிர்ந்து நிற்காது. கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, மூச்சு சீரான பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும்.

தூரத்தை மட்டும் வைத்துப் பாதையை அளப்பதும் இதோடு சேர்ந்த தவறுதான். தார்ச்சாலையில் 15 கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை. காட்டுப் பாதையில் அதே 15 கிலோமீட்டர் புதியவருக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும். மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்று பாருங்கள். புதியவர் இருக்கிற குழுவுக்கு முதல் நாள் 300, 400 மீட்டர் ஏற்றமே நிறைய.

முன்னால் ஒருவர் வழிகாட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். கடைசியில் ஒருவர் கட்டாயம் வேண்டும், அவர் சைக்கிள் பழுது பார்க்கத் தெரிந்தவராக இருப்பது நல்லது. பாதை பிரிகிற ஒவ்வோர் இடத்திலும் முன்னால் போனவர் நின்று, பின்னால் வருபவர் கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும். செம்பனைத் தோட்டத்துக்குள் எல்லாச் சந்தியும் ஒரே மாதிரி இருக்கும்: அதே சிவப்பு மண், அதே வரிசை மரங்கள், அதே வளைவு. அடையாளம் வேண்டுமென்றால் பிளாக் எனப்படும் தோட்டப் பிரிவுகளின் முனைகளில் நட்டிருக்கும் சிறு பலகையைப் பாருங்கள். பிளாக் எண், கன்று நட்ட ஆண்டு, எத்தனை ஹெக்டர் என்று அதில் எழுதியிருக்கும். கடந்து போகும்போது போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது விழுந்து உதவிக்கு ஆள் வர வேண்டியிருந்தால், "பெரிய மரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம்" என்பதைவிட பிளாக் எண்ணைச் சொல்வது தோட்டத்து ஆட்களுக்கு உடனே புரியும்.

அடுத்தது நேரம். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததிலிருந்து நமக்குச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. அதனால் ஆறரை மணிக்கு எழுந்தாலே அதிகாலையில் எழுந்த மாதிரி தோன்றும். அப்புறம் கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய், தே தாரிக், கதை. சைக்கிளில் ஏறும்போது ஒன்பதரை ஆகிவிடுகிறது. பதினோரு மணி வெயிலில் நிழலில்லாத மண் சாலையில் ஏற்றம், மூன்று மணிக்கு இடியோடு மழை. ஏழரைக்குச் சக்கரம் உருள வேண்டும், பகல் ஒரு மணிக்குள் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வயிறு நிறையப் பசியாறிவிட்டு உடனே ஏற்றத்தில் மிதிப்பதும் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் முன்பே சாப்பிடுங்கள், அல்லது இரண்டு வாழைப்பழத்தோடு கிளம்பி நடுவில் சாப்பிடுங்கள். தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையக் கூடாது. வெயில் ஏறினால் முக்கால் லிட்டராவது வேண்டும், கூடவே ஏதாவது உப்புச் சத்தும். வழியில் கடை வரும் என்று ஒற்றைப் பாட்டிலோடு வருபவர் கடைசியில் அடுத்தவர் பாட்டிலைத்தான் காலி செய்வார்.

மழையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். தண்ணீர் என்ன செய்யும் என்று அனுபவித்துப் பார்த்த ஊர் இது. 1883-இல் அணை உடைந்து பழைய குவாலா குபு அடித்துச் செல்லப்பட்டது. பிறகும் வெள்ளம் ஓயாமல் வந்ததால் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேற்குக் கரை முழுக்கப் பிற்பகல் இடிமழை சகஜம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஆற்றில் கெப்பாலா ஆயர், அதாவது மேலேயிருந்து திடீரெனப் பாய்ந்து வரும் வெள்ளம், வருவது அப்படித்தான். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் சைக்கிளைப் போட்டுவிட்டாவது கரையேற வேண்டும். முழங்காலுக்கு மேல் ஓடும் ஆற்றைச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம். திரும்பிப் போங்கள், அல்லது தண்ணீர் வடியும்வரை காத்திருங்கள். இடி கேட்டால் முகட்டிலிருந்தும் தனி மரத்தடியிலிருந்தும் விலகி இறங்குங்கள், கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் ஆகட்டும்.

தோட்டத்தை ஆளில்லாத விளையாட்டு மைதானம் போல நினைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு. நம் தாத்தா பாட்டி பால் மரம் வெட்டிப் பிழைத்த மண் இது, இன்றைக்கும் பலர் அங்கே வியர்வை சிந்தி வேலை செய்கிறார்கள். சனிக்கிழமை பல தோட்டங்களில் வேலை நாள். வாசலில் ஜாகா (காவல்காரர்) இருந்தால் நின்று, இறங்கி, கேட்டுவிட்டுப் போங்கள். வழியில் வேலையை மேற்பார்க்கும் மண்டோரைப் பார்த்தால், "அண்ணே, இன்னைக்கு எந்தப் பக்கம் குலை வெட்டுறாங்க?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி உயிரைக் காப்பாற்றும். செம்பனைக் குலை ஒன்று இருபது கிலோவுக்கு மேலும் இருக்கும். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து வெட்டுகிறவருக்குப் பின்னால் வரும் சைக்கிள் தெரியாது. முதலில் மட்டை விழும், அடுத்து குலை. வெட்டு நடக்கும் வரிசைக்குள் நுழையாதீர்கள். கடக்க வேறு வழியில்லை என்றால் தூரத்திலேயே குரல் கொடுத்து, அவர் கம்பை இறக்கிக் கையசைத்த பிறகு போங்கள். உங்கள் ஹெல்மெட் அந்தக் கனத்துக்குச் செய்ததல்ல.

வெட்டிய மட்டைகளை வரிசைகளுக்கு நடுவே அடுக்கி வைத்திருப்பார்கள். மட்டையின் அடிப்பக்க முள் டயரைத் துளைத்துவிடும். அந்தக் குவியல்களில் எலி இருக்கும், எலியைத் தேடி நாகமும் வரும். ஆகவே குறுக்கு வழி என்று மட்டைக் குவியலின் மேல் ஏறாதீர்கள், அவசரத்துக்கு ஒதுங்கும்போதும் காலடியைப் பாருங்கள். மண் சாலையில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களும் ஆபத்துதான். வளைவில் சாய்ந்திருக்கும்போது முன் டயர் ஒன்றின்மேல் ஏறினால் சைக்கிள் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். டுரியான் காலத்தில் தோப்பு வழியாகப் போவது இன்னொரு பிரச்சினை. தலைக்கு மேல் பழம் ஒரு பக்கம், பழம் பொறுக்க வந்த திருடர்கள் என்று காவல்காரர் சந்தேகப்படுவது இன்னொரு பக்கம். அந்த மாதங்களில் வேறு பாதையைப் பிடியுங்கள். காப்புக் காட்டுக்குள் போகிற பாதை என்றால் வன இலாகாவின் அனுமதி வேண்டும். 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். பெர்த்தாக் பக்கம் பூர்வகுடி மக்களின் கம்பத்தைக் கடந்து போனால் வேகத்தைக் குறைத்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள், அது அவர்கள் வீட்டு வாசல்.

இனி சைக்கிள். நிறையப் பேர் டயரில் காற்றைக் கல் மாதிரி அடைத்துக்கொண்டு வருகிறார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அது தாங்கும் அதிகபட்ச அளவு, காட்டில் ஓட்ட வேண்டிய அளவல்ல. 70 கிலோ எடையுள்ளவர் 2.3 அங்குல டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயரில் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்துத் தொடங்கிப் பார்க்கலாம். டியூப் போட்டிருந்தால் கல்லில் இடித்து டியூப் கிழியாமலிருக்க மூன்று நான்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஈர வேரைக் கடக்கும்போது வித்தியாசம் உடனே தெரியும். துளையை அடைக்க டியூப்லெஸ்ஸில் ஊற்றும் திரவம் நம் வெக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், கிளம்புவதற்கு முந்தின வாரம் பார்த்துவிடுங்கள். பிரேக் பேடும் அப்படித்தான். மழை பெய்த செம்மண் அரம் மாதிரி அதைத் தேய்க்கும். தேயும் பகுதி ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் புதிது மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

காரில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றும்போது இன்னொன்று நடக்கும். சக்கரம் இல்லாத நேரத்தில் யாராவது பிரேக் லீவரை விளையாட்டாக அழுத்திவிடுவார்கள். பேடுகள் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் தட்டு நடுவே இல்லாததால் இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் காலை சக்கரம் உள்ளே நுழையாது. கழற்றியவுடன் பேடுகளுக்கு நடுவே ஓர் அட்டையை மடித்துச் செருகிவிட்டால் தீர்ந்தது. அப்புறம் பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு. அடி பட்டால் சட்டகத்துக்குப் பதில் தான் உடைவதற்காகவே வைத்தது அது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் அதன் வடிவம் வேறு, அடுத்தவருடையது உங்களுக்குப் பொருந்தாது. அவரவர் தனக்கானதை ஒன்று கொண்டுவரட்டும். டியூப், பம்பு, சங்கிலி இணைப்பு, சிறு கருவிப்பெட்டி இவை குழுவுக்கு ஒன்றிரண்டு இருந்தாலும் சமாளிக்கலாம்.

இறக்கத்தில் உட்கார்ந்துகொண்டே வருவது புதியவர்களின் வழக்கம். சீட்டை நன்றாக இறக்குங்கள், இரண்டு பெடலையும் சம மட்டத்தில் வைத்து எழுந்து நில்லுங்கள், குதிகால் சற்றுத் தாழட்டும், முழங்கை விரியட்டும். முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவோம் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடிப்பவர்கள் வழுக்கிக்கொண்டே இறங்குகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னுக்குப் போவதால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்துடையது. ஒற்றை விரலால், மெதுவாக, வளைவுக்கு முன்னாலேயே பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள். ஈர வேரை நேர்க்குத்தாக, பிரேக் பிடிக்காமல் கடக்க வேண்டும். கண் முன் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. "மச்சான், ஒன்னும் ஆகாது, விடு!" என்று மேலேயிருந்து கத்துகிற நண்பர் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதே உதவி.

சனிக்கிழமையிலேயே எல்லாச் சக்தியையும் கொட்டிவிடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பாதையைச் சனிக்கிழமை காலையிலும் சிறியதை ஞாயிற்றுக்கிழமையும் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பீரும் பாட்டுமாக இரண்டு மணி வரை விழித்தவர்கள் காலையில் இறக்கத்தில் ஓட்ட வேண்டாம். சாயங்காலமே சேற்றைக் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் போட்டுவிடுங்கள், டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக் கூடாது.

யாராவது பலமாக விழுந்தால் உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். முதலில் பின்னால் வரும் சைக்கிள்களை நிறுத்த ஒருவர் மேலே ஓடட்டும். விழுந்தவரிடம் பெயர், நாள், எங்கே இருக்கிறோம் என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம், வாந்தி, கடும் தலைவலி, கழுத்து வலி எதுவிருந்தாலும் அன்றைக்கு அவர் ஓட்டக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்து வலி என்றால் அசைக்காமல் 999-ஐ அழையுங்கள். மலை மடிப்புகளில் போனுக்கு லைன் கிடைக்காத இடங்கள் உண்டு. அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருங்கள், வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

கடைசியாக, சிராய்ப்போடு ஆற்றில் இறங்கிக் குளிக்காதீர்கள். கெஞ்சிங் திக்குஸ் என்று இங்கே எல்லோரும் சொல்கிற எலிக்காய்ச்சல், எலிச் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காயத்தின் வழியாகத்தான் எளிதில் நுழையும். காயத்தைச் சுத்தமான தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி மூடுங்கள், ஆற்று நீரைக் குடிக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரத்தில், சில சமயம் ஒரு மாதம் கழித்துக்கூட, காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வரலாம். அதற்குள் பயணமே மறந்திருக்கும், சாதாரணக் காய்ச்சல் அல்லது டெங்கி என்று நினைத்துவிடுவோம். கிளினிக்குக்குப் போனால் காட்டிலும் ஆற்றிலும் இருந்ததையும், எந்தத் தேதி என்பதையும் டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், கூட வந்த நண்பர்களுக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்.