நாய் சொறிகிறது, நொண்டுகிறது: மருத்துவரிடம் போகும் முன் செய்யக் கூடாதவை

மருந்துக் கடையில் நின்று, "நாய்க்குச் சொறி, ஏதாவது களிம்பு கொடுங்கள்" என்று கேட்பது சென்னையில் சாதாரணக் காட்சி. பல நேரம் கைக்கு வருவது மனிதர்களுக்கான, ஸ்டீராய்டு கலந்த களிம்பு. தடவியதும் சிவப்பு அடங்குகிறது, வீட்டார் நிம்மதியடைகிறார்கள். தோலுக்குள் இருக்கும் சிற்றுண்ணியோ பூஞ்சையோ அப்படியே இருக்கிறது. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குவதால் அது மேலும் பரவலாம். போதாததற்கு, தடவியதை நாய் நக்கி விழுங்கிவிடுகிறது. தாமதத்தைவிடப் பெரிய தவறு என்று நான் கருதுவது இதைத்தான்: மருத்துவர் பார்க்கும் முன்பே நோயின் அடையாளத்தை மறைத்துவிடுவது.

தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை பெரும்பாலும் வாலின் அடியில் தொடங்கும். ஒரு வகைச் சொறி காது ஓரத்திலும் முழங்கையிலும் பிடிக்கும். அது மனிதருக்கும் தொற்றும். நம் கண்ணுக்கு எல்லாம் ஒரே சொறிதான். மருத்துவர் பிளேடால் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்தறிவார். அதனால் முந்தைய நாள் மருந்து ஷாம்பு போட்டுப் பளபளவென்று அழைத்துச் செல்லாதீர்கள். மண்ணெண்ணெய், பழைய என்ஜின் ஆயில் தடவும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது தோலைப் புண்ணாக்கும், நக்கினால் விஷம். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இரவில் தூங்க முடியாமல் சொறிந்தால், புண்ணில் சீழோ துர்நாற்றமோ இருந்தால், முடி கொட்டிய இடம் பெரிதாகிக்கொண்டே போனால், வீட்டில் யாருக்காவது அரிப்பு தொடங்கினால் காத்திருக்க வேண்டாம். முகம் வீங்கி மூச்சுத் திணறினால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

மூட்டு விஷயத்தில் நாம் சொல்லிக்கொள்ளும் சமாதானம் "வயதாகிவிட்டது" என்பது. லாப்ரடார் மொசைக் தரையில் எழுவதை ஒரு முறை உற்றுப் பாருங்கள். முன்கால்களை ஊன்றி உடலை இழுக்கிறதா? பின்கால்கள் வழுக்கி அகல்கின்றனவா? படியேறும்போது பின்கால் இரண்டையும் சேர்த்து முயல் போலத் துள்ளுகிறதா? அது இடுப்பு மூட்டுக் கோளாறாக இருக்கலாம். ஒரு வயது நிரம்பாத குட்டிக்கும் வரும். குட்டிக்கு எலும்பு வலுவாகட்டும் என்று கால்சியம் மருந்தை அள்ளிக் கொடுப்பது, பெரிய இன நாய்களுக்கு எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும்.

நம் வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதோ உயிருக்கே ஆபத்து. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பாரசிட்டமால் கல்லீரலைத் தாக்கும்.

தோலும் மூட்டும் வெவ்வேறு பிரச்சினைகள் என்று நினைப்பதுதான் நம் ஊரில் அதிகம் ஏமாற்றுவது. இரண்டுக்கும் நடுவே உண்ணி இருக்கிறது. சென்னை வெப்பத்தில் பழுப்பு உண்ணி ஆண்டு முழுதும் சுவர் விரிசலிலும் சோஃபா அடியிலும் குடியிருக்கும். அது பரப்பும் உண்ணிக் காய்ச்சலில் மூட்டுகள் வீங்கலாம்; இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று நொண்டலாம். கூடவே காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, வெளுத்த ஈறு, வயிற்றில் சிவப்புப் புள்ளி, மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர் என எதைக் கண்டாலும் அன்றே ரத்தப் பரிசோதனை தேவை. வாங்கும் உண்ணி மருந்தின் உறையையும் படியுங்கள்: பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள மருந்து, வீட்டில் பூனையும் இருந்தால் அதைக் கொன்றுவிடும்.

லேசான நொண்டல் ஓரிரு நாளில் சரியாகாவிட்டால் காட்டுங்கள். காலை ஊன்றவே இல்லை, பின்கால்களை இழுக்கிறது, சிறுநீர் போகவில்லை என்றால் அன்றே. இதற்குப் பெரிய செலவு ஆகும் என்று அஞ்சுகிறவர்களுக்கு 1903-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது.

புறப்படும் முன் நாய் வீட்டில் நடப்பதைக் கைபேசியில் படமெடுங்கள். மருத்துவமனையின் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டாமலே நடந்துவிடும். ஏற்கெனவே கொடுத்த மாத்திரை அட்டை, களிம்புக் குழாய் எல்லாவற்றையும் எடுத்துச் சென்று மேசையில் வையுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். நீங்கள் கொடுத்த வலி மாத்திரை தெரியாமல் அவர் ஸ்டீராய்டு ஊசி போட்டால், இரண்டும் சேர்ந்து குடலில் ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும்.