தங்கப் படலத்தில் ஒளியை ஒரே பக்கம் ஓட வைப்பது எப்படி?

தங்கத்தின் பரப்பை ஒட்டியே ஓடும் ஒளியலைதான் மேற்பரப்புப் பிளாஸ்மான். அதை ஒரு பக்கம் மட்டும் அனுப்ப வேண்டுமா? கணினியில் உருவகப்படுத்தலைத் தொடங்குவதற்கு முன் தாளும் பென்சிலும் எடுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

633 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசருக்கு, தங்கமும் காற்றும் சந்திக்கும் பரப்பில் பிளாஸ்மானின் அலைநீளம் சுமார் 605 நானோமீட்டர். இந்த வேறுபாட்டை ஈடுகட்டத்தான் பரப்பில் வரிகளை வெட்டுகிறோம். 605 இடைவெளியில் வெட்டி ஒளியைச் செங்குத்தாகப் பாய்ச்சினால் அலை இரு பக்கமும் சமமாக ஓடும்.

எளிய வழி, ஒளியைச் சாய்ப்பது. வரி இடைவெளி 700 என்றால் சுமார் 8 பாகை சாய்வில், ஒளி சாயும் திசையிலேயே அலை ஓடும். 500 என்றால் சுமார் 13 பாகையில் எதிர்த்திசையில் திரும்பி ஓடும். மின்புலம் வரிகளுக்குக் குறுக்காக இருக்கட்டும். நெடுக்காக இருந்தால் ஒன்றும் நடக்காது.

சாய்க்காமலே திசை மாற்ற வேண்டுமானால், 2013இல் ஹார்வர்டில் பெடரிகோ கப்பாஸோ குழு காட்டிய வழி இருக்கிறது. எனக்குப் பிடித்தது இதுதான். குட்டிப் பிளவுகளை இரண்டு நெடுவரிசைகளாக வெட்டுங்கள்: ஒன்றில் 45 பாகை இடச்சாய்வு, மற்றதில் வலச்சாய்வு. வரிசைகளுக்கு இடையே கால் அலைநீளம், அதாவது 151 நானோமீட்டர். வட்டத் தளவிளைவு ஒளி, அதாவது மின்புலம் சுழன்றபடியே வரும் ஒளி, இரு வரிசைகளையும் கால் சுற்று முன்பின்னாகத் தூண்டுகிறது. இடைவெளி இன்னொரு கால் சுற்றைச் சேர்க்கிறது. ஒரு பக்கம் அலைகள் கூடும், மறுபக்கம் ஒன்றையொன்று அழிக்கும். வலச்சுழியை இடச்சுழியாக்கினால் பக்கம் மாறும். நேர்கோட்டுத் தளவிளைவு ஒளியில் (மின்புலம் ஒரே கோட்டில் அதிர்வது) இரு பக்கமும் சமமாக வர வேண்டும். முதலில் இதைச் சோதியுங்கள்.

633இல் தங்கத்தின் மேல் அலை சுமார் 10 மைக்ரோமீட்டர் ஓடுவதற்குள் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். ஆகவே அலையை அளப்பதற்காக ஒளியாக வெளியே எடுக்கும் வரிகள் இரு பக்கமும் ஒரே தொலைவில், அருகிலேயே இருக்கட்டும். வெள்ளியில் அலை வெகுதூரம் போகும்; ஆனால் காற்றுப்பட்டால் கறுக்கும் அதனோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

கடைசியாக, மாதிரியை அதன் தளத்திலேயே 180 பாகை சுழற்றுங்கள். பிரகாசமான பக்கமும் கூடவே சுழல வேண்டும். நின்ற இடத்திலேயே நின்றால், திசையைத் தீர்மானிப்பது உங்கள் பிளவுகள் அல்ல, சாய்ந்து விழும் லேசர். கண்ணாடிகளைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளவெடுங்கள்.