கெமர் கல்வெட்டில் வரவு செலவு தேடுவது எப்படி

கம்போடியாவின் அங்கோரை ஆண்ட கெமர் அரசர்கள் நாணயம் அடிக்கவில்லை. அதனால் பழைய கெமர் பொருளாதாரத்தைப் படிக்க வருபவர்கள் காசுக் கணக்கைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், எதற்கு ஈடாக எது கைமாறியது என்று பாருங்கள். நிலம் வாங்கியவர் வெள்ளி, துணி, நெல், எருமை என்று கலந்துகூடக் கொடுத்திருப்பார்.

ஒவ்வொரு கல்வெட்டுக்கும் 'கே' வரிசையில் ஓர் எண் உண்டு, குறிப்பெடுக்கும்போது அதை விடாதீர்கள். பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் செதெஸ் இந்தக் கல்வெட்டுகளை 1937 முதல் 1966 வரை 8 தொகுதிகளாகப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டிருக்கிறார். ஆண்டு சக ஆண்டாக இருக்கும், 78 கூட்டினால் கி.பி. ஆண்டு கிடைக்கும்.

பல கல்வெட்டுகளில் சமஸ்கிருதமும் பழைய கெமரும் சேர்ந்தே வரும். சமஸ்கிருதச் செய்யுள் பெரும்பாலும் கடவுளையும் அரசனையும் புகழும், நம் மெய்க்கீர்த்தி மாதிரி. அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு கெமர் உரைநடைக்குப் போய்விடுங்கள், படிக்க அலுப்பாக இருந்தாலும் நில எல்லை, பணியாட்களின் பெயர், படிக்கான அரிசி எல்லாம் அங்கேதான். அங்கோர் பகுதியிலுள்ள லோலே கோயிலின் நிலைக்கால்களில் பணியாட்களை வளர்பிறைக்கு ஒரு குழு, தேய்பிறைக்கு ஒரு குழு என்று பிரித்தே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் மீதிப் பதினைந்து நாள் அவர்கள் யாருக்காக உழைத்தார்கள், தங்கள் சாப்பாட்டுக்கா? இப்படிக் கேட்டால்தான் பெயர்ப்பட்டியல் பேச ஆரம்பிக்கும்.

செய்யுளையும் ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். அங்கோர் அரசன் ஏழாம் ஜெயவர்மனின் தா புரோம் கோயில் கல்வெட்டு (கே. 273, 1186) முழுக்க சமஸ்கிருதம்தான், ஆனால் கோயிலுக்காக 3,140 ஊர்கள், 79,365 பேர் என்று கணக்கு சொல்கிறது. பெரிய எண்ணைப் பார்த்து அசந்துபோகாமல் வகுத்துப் பாருங்கள், ஊருக்குச் சுமார் 25 பேர். 1191-ஆம் ஆண்டின் பிரியா கான் கோயில் கல்வெட்டில் 5,324 ஊர்கள், 97,840 பேர், அதாவது ஊருக்கு 18தான். முழு ஊரின் மக்கள்தொகையாக இதை எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். கோயிலுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆட்கள் மட்டும் என்றால் பொருந்துகிறது. அதுவும் அரசன் தன் கொடையைப் பறைசாற்றும் இடம், எண் கொஞ்சம் பெருத்திருக்கவும் வாய்ப்புண்டு.

அப்புறம், இது கோயில் கணக்கு. சந்தையில் நடந்தது இதில் அநேகமாக வராது. அதற்கு 1296-இல் அங்கோருக்கு வந்த சீனத் தூதுக்குழுவின் சௌ தாகுவான் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: வியாபாரம் பெண்கள் கையில், சில்லறைக்கு அரிசியும் சீனப் பொருள்களும், அதற்கு மேல் துணி, பெரிய கொள்முதலுக்குத்தான் பொன்னும் வெள்ளியும்.